பிங் போகிறது, பேஜ் வரவில்லை: நெட்வொர்க் லேபில் மாட்டிக்கொண்டால் எங்கே பார்ப்பது

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் போன் விடாமல் அடிக்க ஆரம்பித்தால், பெங்களூரில் எம்டெக் அசைன்மென்ட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கிவிட்டது என்று அர்த்தம். மத்திகெரேயில் நான் இருக்கும் தெருவிலேயே மூன்று நான்கு பிஜி இருக்கிறது, அதில் நம்ம ஊர்ப் பிள்ளைகள் நிறைய, சேலம், கோவை, திருநெல்வேலி என்று. எவனோ என் நம்பரைக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து "அண்ணா, கனெக்ட் ஆக மாட்டேங்குது" என்று வரிசையாக வருகிறார்கள். ஒரே பதிலைப் பத்து பேருக்குச் சொல்லி வாய் வலித்துப்போனதால்தான் எழுதி வைக்கிறேன். பாடத்திட்ட வரிசையில் இருக்காது. உங்களுக்கு எந்தக் கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. வருகிறவர்கள் எல்லாரும் புரோகிராமை ஏற்கெனவே நாலு இடத்தில் கிண்டிவிட்டுத்தான் வருகிறார்கள், எந்த மாற்றம் எதைக் கெடுத்தது என்று அவர்களுக்கே தெரியாது. புரோகிராமைத் தொடாதீர்கள். அனுப்பும் பக்கம் ஒரு டிசிபிடம்ப் (போகிற வருகிற பாக்கெட்டை, அதாவது தகவல் பொட்டலத்தை, பிடித்துப் பதிவு செய்யும் கருவி), வாங்கும் பக்கம் ஒரு டிசிபிடம்ப், இரண்டையும் ஓடவிட்டுக் கோளாறை ஒரே ஒரு தடவை வரவழையுங்கள். பாக்கெட் கிளம்பியதா, போய்ச் சேர்ந்ததா, பதில் கிளம்பியதா, அது வந்து சேர்ந்ததா? எந்தக் கேள்விக்கு முதலில் 'இல்லை' வருகிறதோ அங்கேதான் பாக்கெட் செத்திருக்கிறது. மற்ற இடத்தையெல்லாம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

"கனெக்ட் ஆக மாட்டேங்குது"

இப்படிச் சொல்வதற்குள் மூன்று வெவ்வேறு நோய் ஒளிந்திருக்கிறது. என்ன எரர் வந்தது என்று கேட்டால் "ஏதோ வந்துச்சுண்ணா" என்பார்கள். அந்த 'ஏதோ'வில்தான் பாதி விடை இருக்கிறது.

'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' வந்தால் சந்தோஷப்படுங்கள். உங்கள் பாக்கெட் அங்கே போய்ச் சேர்ந்து, அந்த மெஷினும் "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று ஒரு ஆர்எஸ்டி (இணைப்பை மறுக்கும் பாக்கெட்) அனுப்பியிருக்கிறது. பெரும்பாலும் பாதையில் குறை இருக்காது. சர்வர் ஓடவில்லை, அல்லது 127.0.0.1-இல் (தன் மெஷினுக்குள்) மட்டும் உட்கார்ந்திருக்கிறது, அதை 0.0.0.0 (எல்லா முகவரியும்) ஆக்குங்கள். இரண்டும் இல்லையென்றால் போர்ட்டைப் பாருங்கள். சி மொழியில் எழுதும்போது எச்டிஓஎன்எஸ் (எண்ணின் பைட்டுகளை நெட்வொர்க் வரிசைக்கு மாற்றும் ஃபங்ஷன்) போட மறந்தால், 8080-இல் திறந்திருப்பதாக நினைத்துக்கொண்டு 36895-இல் திறந்து வைத்திருப்பீர்கள். 8080 ஹெக்ஸில் 1எஃப்90. இரண்டு பைட்டும் இடம் மாறினால் 901எஃப், அதுதான் 36895. இந்த எண்ணை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இதில் வேடிக்கை என்னவென்றால் கிளையண்ட்டும் நீங்களே எழுதி அதிலும் மறந்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழகாகக் கண்டுபிடித்துக்கொள்ளும், எல்லாம் ஓடும். மதிப்பெண் போடுகிறவர் தன்னுடைய கிளையண்ட்டால் தட்டிப் பார்க்கும்போதுதான் குட்டு உடையும்.

'டைம்டு அவுட்' என்றால் யாருமே வாய் திறக்கவில்லை. லினக்ஸ் இணைப்புக் கேட்கும் முதல் பாக்கெட்டான எஸ்ஒய்என்-ஐத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டு ஏறக்குறைய இரண்டு நிமிடம் கழித்துக் கைவிடும். நடுவில் ஒரு ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்குகிறது, அல்லது அந்த முகவரியே தப்பு. பிஜி வைஃபையில் இரண்டு லேப்டாப் வைத்து முயற்சி செய்கிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: பல அக்சஸ் பாயிண்ட்டில் ஒரு கருவி இன்னொரு கருவியோடு நேராகப் பேசக் கூடாது என்று தடை போட்டிருப்பார்கள். இரண்டுக்கும் இன்டர்நெட் வரும், ஒன்றிலிருந்து மற்றதற்கு பிங் மட்டும் போகாது. அதோடு சண்டை போடாமல் உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறி, அங்கேயாவது ஒன்றையொன்று பார்க்கிறதா என்று பாருங்கள்.

'நோ ரூட் டு ஹோஸ்ட்' என்பதற்கு ரூட்டிங் டேபிளை வெறித்துப் பார்த்துப் பயன் இல்லை, பெரும்பாலும் "இந்த ஐபி யாருடையது" என்று கேட்கும் ஏஆர்பி கேள்விக்குப் பதில் வராததுதான் காரணம். எந்த முகவரிகள் ஒரே நெட்வொர்க்கில் என்று சொல்லும் சப்நெட் மாஸ்க்கைச் சரிபாருங்கள்.

"பிங் போகுது, பேஜ் வரல"

போன செமஸ்டரில் திருநெல்வேலித் தங்கை ஒருத்தி லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தாள். இரண்டு லினக்ஸ் ரவுட்டர், நடுவில் ஜிஆர்இ டனல் (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் சுற்றி அனுப்பும் வழி), இந்தப் பக்கம் கிளையண்ட், அந்தப் பக்கம் வெப் சர்வர். பிங் போகிறது. நாலு வரி எழுதிய பக்கம் வருகிறது. படம் போட்ட பெரிய பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டிஎன்எஸ், சர்வர் லாக், பிரவுசர் கேச் என்று இரண்டு நாள் தேடியிருக்கிறாள், தூங்கவும் இல்லை போல.

சர்வர் பக்கக் கேப்சரை, அதாவது டிசிபிடம்ப் பிடித்த பதிவை, வயர்ஷார்க்கில் திறந்தோம். ஹேண்ட்ஷேக் முடிந்திருக்கிறது. கெட் கோரிக்கை வந்திருக்கிறது. சர்வர் 1514 பைட் ஃபிரேம் அனுப்பியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அதே சீக்வென்ஸ் எண்ணோடு அதே ஃபிரேம் மறுபடியும். அப்புறம் இடைவெளி இரண்டு மடங்கு, அப்புறம் நாலு மடங்கு, வயர்ஷார்க் திரை முழுக்கக் கறுப்புப் பட்டையில் சிவப்பு எழுத்து. கிளையண்ட் பக்கக் கேப்சரிலோ, கோரிக்கை போன பிறகு மயான அமைதி.

ஈதர்நெட்டின் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1500 பைட், அதோடு 14 பைட் ஈதர்நெட் ஹெடர் சேர்ந்ததுதான் மேலே சொன்ன 1514. ஜிஆர்இ தன் பங்குக்கு 24 பைட் எடுத்துக்கொள்ளும் (வெளி ஐபி ஹெடர் 20, ஜிஆர்இ ஹெடர் 4), மிச்சம் 1476. சர்வர் 1500 பைட் பாக்கெட்டைத் 'துண்டாக்காதே' என்று கொடி போட்டு அனுப்புகிறது. ரவுட்டர் அதைக் கீழே போட்டுவிட்டு, "1476-க்குள் அனுப்பு" என்று ஐசிஎம்பி (நெட்வொர்க் கோளாறைச் சொல்லும் செய்தி, பிங்கும் இதில் ஒன்று) டைப் 3 கோட் 4 திருப்பி அனுப்ப வேண்டும், 1990-இல் வந்த ஆர்எஃப்சி 1191 என்ற இணைய விதிமுறை ஆவணம் சொல்லும் ஏற்பாடு இதுதான். அந்தத் தகவல் ஏன் சர்வருக்குப் போகவில்லை? அதற்கு முந்தைய அசைன்மென்ட்டில் தங்கை எழுதிய ஃபயர்வால் விதிகள் அந்த ரவுட்டரிலேயே இருந்தன: பிங்குக்கு மட்டும் வழி, மற்ற ஐசிஎம்பி எல்லாவற்றுக்கும் தடை. பாதுகாப்புக்காம்!

சோதிப்பது எளிது. துண்டாக்காதே கொடியோடு பிங் அளவை ஏற்றிக்கொண்டே போங்கள். 1448 பைட் போனது (அதோடு ஹெடர் 28 சேர்த்தால் 1476), 1449 போகவில்லை. ஒரே ஒரு பைட்டில் பிங் செத்ததைப் பார்த்து அவள் மூன்று தடவை மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தாள். ஐசிஎம்பி டைப் 3-ஐத் திறந்துவிட்டோம், பேஜ் வந்தது. ஃபயர்வால் உங்கள் கையில் இல்லையென்றால் ரவுட்டரில் எம்எஸ்எஸ்-ஐ, அதாவது ஒரு டிசிபி துண்டில் போகும் தகவல் அளவை, 1436-க்குக் குறையுங்கள், டிசிபி மட்டுமாவது பிழைக்கும். ஐபிவி6-இல் நடுவில் இருக்கும் ரவுட்டர் துண்டாக்கவே செய்யாது, அதனால் அங்கே ஐசிஎம்பியை மூடினால் அடி இன்னும் பலமாக விழும். விபிஎன், விஎக்ஸ்லேன் என்று எதையாவது ஒன்றின் மேல் ஒன்று சுற்றினாலே எனக்கு முதல் சந்தேகம் எம்டியு மேல்தான்.

ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் பாதையைப் பகிர்ந்துகொள்ளும் முறை) லேபில் அண்டை ரவுட்டர் எக்ஸ்ஸ்டார்ட் என்ற ஆரம்ப நிலையிலேயே நின்றுபோனாலும் இதே ஆள்தான், இரண்டு பக்கமும் எம்டியு வேறு வேறாக இருக்கும்.

"பாக்கெட் எல்லாத்துலயும் செக்சம் தப்புண்ணா"

ஒன்றும் இல்லை, விடுங்கள். செக்சம் (பாக்கெட் கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்) போடும் வேலையை நெட்வொர்க் கார்டு செய்கிறது, வயர்ஷார்க் அதற்கு முன்னாலேயே எட்டிப் பார்த்துவிடுகிறது. 1500-தான் உச்சம் என்று படித்துவிட்டு 2962 பைட் ஃபிரேமைப் பார்த்துக் குழம்புவதும் இதே கதை: 1448 பைட் துண்டு இரண்டு, அதோடு 66 பைட் ஹெடர். கார்டு பிறகுதான் வெட்டும். பாடத்துக்காக உண்மையான உருவம் வேண்டுமென்றால் ஈத்டூல் கட்டளை வைத்து ஆஃப்லோடை (கார்டிடம் விட்ட இந்த வேலைகளை) அணைத்துவிட்டுக் கேப்சர் எடுங்கள்.

"சரியா 40 மில்லி செகண்ட் லேட் ஆகுது"

'சரியா' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் காது நிமிரும். நெரிசலால் வரும் தாமதம் 37, 52, 41 என்று தாறுமாறாக இருக்கும். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அது யாரோ வைத்த டைமர். எந்த டைமர் என்று கண்டுபிடித்தால் போதும்.

40 மில்லி செகண்ட் என்றால், லினக்ஸ் ஏசிகே-வை, அதாவது 'வந்து சேர்ந்தது' என்ற பதிலை, கொஞ்சம் தாமதித்து அனுப்பும் பழக்கமும், 1984-இல் ஜான் நேகிள் எழுதிய ஆர்எஃப்சி 896 வழிமுறையும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கின்றன. கோரிக்கையின் ஹெடரை ஒரு ரைட் (write) அழைப்பிலும் உடலை இன்னொரு ரைட்டிலும் அனுப்பியிருப்பீர்கள். அனுப்புகிறவர் "முதல் துண்டுக்கு ஏசிகே வரட்டும், அடுத்த சின்னத் துண்டை அப்புறம் அனுப்பலாம்" என்று நிற்க, வாங்குகிறவர் "முழுக் கோரிக்கையும் வரட்டும், பதிலோடு சேர்த்தே ஏசிகே போடலாம்" என்று நிற்கிறார். இரண்டையும் ஒரே ரைட்டில் அனுப்புங்கள். டிசிபி நோடிலே போட்டு நேகிள் வழிமுறையை அணைப்பதும் தீர்வுதான், ஆனால் காரணம் புரியாமல் போட்டால் வைவாவில் மாட்டுவீர்கள்.

சரியாக 1 வினாடி என்றால் முதல் எஸ்ஒய்என் தொலைந்து மறுபடி அனுப்பப்பட்டது. 5 வினாடி என்றால் பெயரைத் தேடும்போது முதல் டிஎன்எஸ் சர்வர் செத்துக் கிடக்கிறது, இரண்டாவது பதில் சொல்கிறது. சர்வரை நிறுத்திவிட்டு உடனே ஓட்டினால் 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்', ஒரு நிமிடம் பொறுத்தால் ஓடுகிறதா? அது டைம் வெயிட், மூடிய இணைப்பைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும் நிலை, லினக்ஸில் 60 வினாடி. சாக்கெட்டில் ரீயூஸ்அட்ரஸ் போடுங்கள். ஸ்விட்சில் கேபிள் செருகி 30 வினாடி கழித்து உயிர் வந்தால் ஸ்பானிங் ட்ரீ (ஸ்விட்சுகளுக்குள் சுழல் பாதை வராமல் தடுக்கும் ஏற்பாடு), 15 வினாடி கேட்கும், 15 வினாடி கற்றுக்கொள்ளும்.

"முக்கோணம் போட்டேன், ஃபேன் கத்துது"

மினிநெட்டில் (லேப்டாப்புக்குள்ளேயே நெட்வொர்க் கட்டிப் பார்க்கும் மென்பொருள்) மூன்று ஸ்விட்சை முக்கோணமாக இணைத்துவிட்டு பிங் போகவில்லை என்பார்கள். ஸ்பானிங் ட்ரீ அணைந்திருக்கிறது. ஒரே ஒரு ஏஆர்பி பிராட்காஸ்ட் உள்ளே போய்ச் செக்குமாடு மாதிரி சுற்ற ஆரம்பிக்கும். ஈதர்நெட் ஃபிரேமில் டிடிஎல் (இத்தனை தாவலுக்குப் பிறகு செத்துப்போ என்ற ஆயுள் எண்) கிடையாது, அதனால் அதற்குச் சாவே இல்லை, ஒவ்வொரு சுற்றிலும் ஹோஸ்ட்டுகளுக்கு நகலும் கொட்டும். 1985-இல் ரேடியா பெர்ல்மன் ஸ்பானிங் ட்ரீ எழுதியது இந்தத் தொல்லைக்குத்தான். இயக்குங்கள், அரை நிமிடம் பொறுங்கள், பிறகு பிங் அடியுங்கள். அந்த அரை நிமிடம் பொறுக்காமல் "இதுவும் வேலை செய்யல" என்று அழித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். பழைய டோபாலஜியின் மிச்சம் கிடந்தால் அதுவும் குழப்பும், எம்என் (mn) கட்டளைக்குப் பின்னால் -சி (-c) போட்டுக் கழுவிவிடுங்கள்.

"லிங்க் 100 எம்பிபிஎஸ், வர்றது ரெண்டரை"

முதலில் ஆர்டிடி (பாக்கெட் போய்ப் பதில் வரும் நேரம்) எவ்வளவு என்று பாருங்கள். மினிநெட்டில் ஒரு லிங்க்குக்கு 50 மில்லி செகண்ட் என்று கொடுத்தால் அது இரண்டு திசைக்கும் சேரும். ஹோஸ்ட், ஸ்விட்ச், ஹோஸ்ட் என்று இரண்டு லிங்க் இருந்தால் போக 100, வர 100, மொத்தம் 200. நீங்கள் 50 என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடுவீர்கள்.

100 எம்பிபிஎஸ், 200 மில்லி செகண்ட் என்றால் குழாயை நிரப்ப 2.5 எம்பி எப்போதும் பயணத்தில் இருக்க வேண்டும். எங்கிருந்தோ காப்பி அடித்த புரோகிராமில் ரிசீவ் பஃபர் 65536 என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அந்த வரி இருந்தால் லினக்ஸ் தானாக ஜன்னலை (ஏசிகே வருவதற்குள் எவ்வளவு அனுப்பலாம் என்ற அளவை) பெரிதாக்குவதை நிறுத்திவிடும். ஒரு ஆர்டிடிக்கு 64 கேபி என்றால் 2.6 எம்பிபிஎஸ், உங்கள் 'ரெண்டரை' அங்கிருந்துதான் வருகிறது. அந்த வரியை அழியுங்கள். அதன் பிறகும் ஏறவில்லையென்றால் தாமதம் போடும் நெட்எம்-இன் வரிசையைப் பாருங்கள். அதன் கொள்ளளவு கேட்காமல் விட்டால் 1000 பாக்கெட். அது நிரம்பினால் கீழே போடும், டிசிபி அதை நெரிசல் என்று நம்பி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டிராப் எண் ஏறுகிறதென்றால் லிமிட்டைக் கூட்டுங்கள்.

யுடிபி (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத முறை) மேல் சொந்தமாக நம்பகமான புரோட்டோகால் எழுதும் அசைன்மென்ட் என்றால் டைமரைப் பாருங்கள். டைம் அவுட்டை 100 மில்லி செகண்ட் என்று நிலையாக வைத்துவிட்டு 200 மில்லி செகண்ட் பாதையில் ஓட்டினால், ஏசிகே வருவதற்குள் ஒவ்வொரு பாக்கெட்டையும் இரண்டாம் தடவை அனுப்பிவிடுவீர்கள். இதைச் சின்னத் தப்பு என்று நினைக்காதீர்கள், 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, வெறும் 400 கெஜ தூரத்தில், 32 கேபிபிஎஸ் வேகம் 40 பிபிஎஸ்-ஆக விழுந்தது. வரிசையில் உயிரோடு இருக்கும் பாக்கெட்டையே தொலைந்ததாக எண்ணித் திரும்ப அனுப்புவதும் அந்த வியாதியில் ஒன்று. வான் ஜேக்கப்சன் அதைத் தோண்டித்தான் 1988-இல் ஸ்லோ ஸ்டார்ட்டையும், ஆர்டிடி எவ்வளவு தள்ளாடுகிறது என்பதையும் சேர்த்து அளக்கும் டைமரையும் எழுதினார். உங்கள் டைமரும் அளந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

"ஐபெர்ஃப் ஓடும்போது பிங் எகிறுது"

வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளா நெரிசலில் ஊருக்குப் பஸ் ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஐபெர்ஃப் (வேகம் அளக்கும் கருவி) லிங்க்கை நிரப்பிவிடும், பிங் அந்த வரிசையின் கடைசியில் நிற்கும். வரிசைக் கோட்பாட்டின் எளிய மாதிரியில், லிங்க் பாதி நிரம்பியிருந்தால் உள்ளே சராசரியாக 1 பாக்கெட், 90 சதவீதம் என்றால் 9, 95 என்றால் 19. கடைசி ஐந்து சதவீதம்தான் கழுத்தை அறுக்கும். பஃபரைப் பெரிதாக்கினால் பாக்கெட் தொலைவது குறையும், காத்திருப்பு கூடும். வரிசை வகையைக் காத்திருப்பைக் குறைக்கும் எஃப்க்யூ-கோடல் ஆக மாற்றி மறுபடி அளந்து பாருங்கள், இரண்டு கிராஃபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ரிப்போர்ட்டுக்குத் தனியாக விளக்கம் எழுத வேண்டியதில்லை.

"பிஜிபி ஆக்டிவ்னு காட்டுது, ஆனா ரூட் வரல"

பிஜிபி என்பது நெட்வொர்க்குகள் தங்களுக்குள் பாதையைச் சொல்லிக்கொள்ளும் முறை. ஆக்டிவ் என்றால் இன்னும் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எஸ்டாப்ளிஷ்டு வந்தால்தான் உறவு. போர்ட் 179 எட்டுகிறதா, அண்டை வீட்டு ஏஎஸ் எண் (அந்த நெட்வொர்க்கின் அடையாள எண்) சரியா, லூப்பேக் முகவரியில் இபிஜிபி (வேறு ஏஎஸ்-ஓடு பேசும் பிஜிபி) போட்டுவிட்டு மல்டிஹாப் போட மறந்தீர்களா என்று பாருங்கள், அங்கே டிடிஎல் சாதாரணமாக 1-தான். எஸ்டாப்ளிஷ்டு ஆகியும் ஐபிஜிபி (ஒரே ஏஎஸ்-க்குள் பேசும் பிஜிபி) ரூட் டேபிளில் ஏறவில்லையென்றால் நெக்ஸ்ட் ஹாப்பை எட்ட வழி இல்லை.

"டிரேஸ்ரூட்ல நடுவுல நட்சத்திரம்"

டிரேஸ்ரூட் பாதையில் இருக்கும் ஒவ்வொரு ரவுட்டரையும் (ஹாப்) வரிசையாகக் காட்டும், பதில் வராத இடத்தில் நட்சத்திரம் போடும். நடுவில் நட்சத்திரம், அதற்கு அடுத்து ஒழுங்காக வருகிறதா? அந்த ரவுட்டருக்கு உங்களுக்குப் பதில் எழுத நேரமில்லை, அவ்வளவுதான். நடு ஹாப்பில் 180 மில்லி செகண்ட், கடைசியில் 30 என்று வந்தாலும் அதே விளக்கம். கடைசி வரை ஏறியே இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். 100.64 என்று தொடங்கும் ஹாப் தெரிந்தால் நீங்கள் இணைய நிறுவனத்தின் பெரிய என்ஏடி-க்கு (பல வீடுகளை ஒரே வெளி முகவரியில் காட்டும் ஏற்பாட்டுக்கு) பின்னால் இருக்கிறீர்கள், வீட்டு ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்ட் எத்தனை போட்டாலும் வெளியிலிருந்து யாரும் ஐபிவி4-இல் உள்ளே வர முடியாது. பொழுதுபோக்காக ஒன்று: இங்கிருந்து சென்னை சுமார் 350 கிலோமீட்டர், ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ செகண்ட், போய்வர 3.5 மில்லி செகண்ட். சென்னை சர்வருக்கு 40 வந்தால், பாக்கெட் மும்பையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறதா என்று ஹாப்களின் பெயரைப் படியுங்கள்.

"என் லேப்டாப்ல ஓடுச்சுண்ணா"

டிசிபி மெசேஜ் தருவதில்லை, பைட் ஓட்டம்தான் தரும். நீங்கள் ஒரு செண்டில் அனுப்பியது அந்தப் பக்கம் மூன்று ரிசீவாக வரலாம், மூன்று செண்ட் ஒரே ரிசீவாகவும் வரலாம். ஒரே மெஷினுக்குள் ஓட்டும்போது அதிர்ஷ்டத்தில் ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்திவிடும். நீளத்தை முன்னால் எழுதி அனுப்புங்கள், அவ்வளவு பைட் சேரும் வரை சுற்றிச் சுற்றி வாசியுங்கள்.

"ஒவ்வொரு தடவையும் கிராஃப் வேற மாதிரி வருது"

மினிநெட்டில் என்றால் உங்கள் லேப்டாப்பின் சிபியுவும் கிராஃபுக்குள் சேர்ந்திருக்கிறது. பிரவுசரை மூடுங்கள், பத்து தடவை ஓட்டுங்கள், சராசரியோடு பரவலையும் வரையுங்கள். என்எஸ்-3 என்ற நெட்வொர்க் சிமுலேட்டரில் நேர் எதிர் புகார் வரும், பத்து தடவை ஓட்டினாலும் புள்ளி மாறாமல் ஒரே கிராஃப். அதைப் பார்த்து "ரொம்ப ஸ்டேபிள்" என்று ரிப்போர்ட்டில் எழுதிய கோவைத் தம்பி ஒருவன் இருக்கிறான். சொல்லாவிட்டால் என்எஸ்-3 எப்போதும் ஒரே விதையிலிருந்துதான் ராண்டம் எண்களை எடுக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ரன் எண்ணை மாற்றுங்கள்.

இத்தனையும் பார்த்துவிட்டும் தீரவில்லையென்றால் வாருங்கள். இரண்டு பக்கக் கேப்சரும் பென் டிரைவில் இருக்க வேண்டும், எரர் வாசகத்தை முழுசாக எழுதிக்கொண்டு வர வேண்டும், பதினொரு மணிக்கு முன்னால் வேண்டாம்.